முதலில் மழையை அளக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

தரம் 6 பிள்ளைகளுக்கு நீர் வட்டத்தை எங்கேயிருந்து தொடங்குவதென்று கேட்டிருந்தாய். அம்புக்குறி போட்ட படத்தைக் கரும்பலகையில் கீறுவதைக் கடைசிக்கு வை. முதலில் மழையை அளக்கட்டும். கையால் அளந்த பிள்ளைதான் அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போனதென்று கேட்கும்.

1.5 லீற்றர் சோடாப் போத்தல் போதும். உடற்பகுதி நெளிவில்லாமல் நேராக இருக்க வேணும். வரிப்பள்ளம் உள்ள போத்தலில் அளவு பிழைக்கும். தோள் வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மூடியைக் கழற்றி, மேல்துண்டைத் தலைகீழாக உள்ளே இறக்கினால் அதுதான் புனல். அடி மேடுபள்ளமாக இருக்கும். சிறுகல்லும் சீமெந்துக் கலவையும் போட்டு மட்டமாக்கி, அந்த மட்டத்தில் 0 கீறு. சீமெந்துக்குப் பதில் தண்ணீர் விட்டும் மட்டம் எடுக்கலாம். ஆனால் வெயில் நாளில் அது 0க்குக் கீழே இறங்கிவிடும், அடுத்த மழை குறைவாகக் காட்டும். அதனால் சீமெந்துதான் நல்லது. வாயும் உடலும் ஒரே அகலமென்றால், அடிமட்டத்தால் அளக்கும் உயரமே மழையின் மில்லிமீற்றர்.

வைக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் பிழை வரும். மரம் 5 மீற்றர் உயரமென்றால் போத்தல் குறைந்தது 10 மீற்றர் தள்ளி இருக்கட்டும். கூரைத் தாழ்வாரத்தடியில் வைக்கவே கூடாது. நிலத்திலிருந்து தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழாதபடி வாய் 30 சென்ரிமீற்றர் உயரத்தில், சாயாமல் நிற்க வேணும். வளிமண்டலவியல் திணைக்களம் எடுப்பதுபோல் ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு எடுங்கள். குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் மேற்பரப்பு வளைந்திருக்கும் வளைவின் அடிப்பக்கத்தை வாசிக்க வேணும். மழையில்லாத நாளுக்கு 0 என்று எழுதட்டும். வெறுமையாக விட்டால், மழை இல்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று பிறகு தெரியாது.

1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர். இதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் குளக் கணக்கும் அவர்களுக்கு வந்துவிடும். ஒரு சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 10 கோடி லீற்றர், ஏறக்குறைய 81 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). அவ்வளவும் குளத்துக்கு வராது. ஐப்பசியின் முதல் மழைகளை வெடித்துக் கிடக்கிற நிலமே குடித்துவிடும். மண் ஊறி நிரம்பிய பிறகுதான் கனகராயன் ஆறு ஓடி இரணைமடுக் குளம் ஏறும். ஊறிய மண்ணில் பெருமழை கொட்டினால் குளம் விரைவாக நிரம்பும், வான்கதவு திறக்க வேண்டிவரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை மனதில் வைத்துக்கொள்.

ஆவியாதலுக்கு ஒரே அளவான இரண்டு சட்டி எடு. ஒவ்வொன்றிலும் 2 லீற்றர் விட்டு, ஒன்றை வெயிலும் காற்றும் படுகிற இடத்திலும் மற்றதை நிழலிலும் வை. காகம் குடிக்காமல் மேலே கம்பிவலை போடு. மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளக்கட்டும். இடையில் மழை பெய்தால் அந்த நாளின் அளவைக் கணக்கில் எடுக்காதே. சட்டியின் பக்கங்களும் சூடாவதால் அது குளத்தைவிடக் கூடுதலாக இழக்கும் என்பதையும் சொல்லு. குளத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் போகிறதென்று வைத்தால், ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பிலிருந்து 50 இலட்சம் லீற்றர் போகிறது.

நீராவி குளிர்ந்து துளியாகும் ஒடுங்கலைக் காட்ட, ஐஸ் போட்ட தண்ணீரில் நிறம் கலந்து கண்ணாடிக் குவளையை மூடி வை. வெளியே பூக்கிற துளிக்கு நிறமிருக்காது. கண்ணாடியூடாகக் கசிந்ததென்று சொல்கிற பிள்ளைகளுக்கு அதுவே பதில். முகில் நீராவி அல்ல, நுண்துளி என்பதை அப்போதே சொல்லிவிடு. நீராவி கண்ணுக்குத் தெரியாது. 0.02 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகள் பத்து இலட்சம் சேர்ந்தால்தான் 2 மில்லிமீற்றர் மழைத்துளி ஒன்று வரும்.

நீ மலைநாட்டில், ஹட்டனில் படிப்பிப்பது ஒரு வசதி. வைகாசி முதல் புரட்டாதி வரை உங்களை நனைக்கிற தென்மேல் காற்றுத்தான் இங்கே வடக்கில் சோளகம் என்ற காய்ந்த காற்றாக வந்து குளத்தை வற்றவைக்கிறது. மலையேறும் ஈரக்காற்று குளிர்ந்து, முகிலாகி, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடும். ஒடுங்கும்போது வெளிவரும் வெப்பத்தால் அது 100 மீற்றருக்கு 0.6 பாகையளவே குளிரும். மறுபக்கம் இறங்கும்போதோ 100 மீற்றருக்கு 1 பாகை சூடாகும். ஈரத்தை இழந்து, சூடேறி, காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் வரும். எங்களுக்கு மழை ஐப்பசி முதல் மார்கழி வரை, காலபோக நெற்செய்கையோடு. இங்கேயும் ஒரு பாடசாலையில் அதே போத்தலை வைக்கச் சொல்லி, இரண்டு இடத்து அளவையும் ஒரே தாளில் மாதம் மாதமாகக் கீறச் செய். படத்தில் அம்புக்குறிகளை எங்கே போடுவதென்று அதைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லுவார்கள்.

விடுமுறைக்கு முதல் போத்தலையும் சட்டிகளையும் ஊற்றிக் கவிழ்த்துவிடு, நுளம்பு முட்டையிடும். வரைதாள் இல்லாவிட்டால் எழுது, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா