கௌவரும் கௌரவமும்

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டியிருப்பாய், தகும். அம்மா நலம், முழங்கால்தான் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது.

போன வாரம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனிச் சட்டம் நடத்துகிறேன். குழுவில் ஒருவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏபிஐ ஸ்கோர் எவ்வளவு?" என்றார். எழுதிய கட்டுரைகளையும் மற்ற வேலைகளையும் கூட்டி வாத்தியாருக்குப் போடும் புள்ளிதான் அது. சொன்னேன். பென்சிலால் குறித்துக்கொண்டார். நாலே நிமிஷம், முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நம்ம கௌவர் ஞாபகம்தான், கம்பெனிச் சட்டத்தில் நாம் படித்த அந்த இங்கிலாந்து வாத்தியார். அந்த மனுஷனுக்கு என்ன ஸ்கோர் போட்டிருப்பார்கள்? சொலிசிட்டராக இருந்து, 1948-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியரானவர். 1954-இல் அந்தப் புத்தகம், 'நவீன கம்பெனிச் சட்டத்தின் கோட்பாடுகள்'. 1958-இல் கானா கூப்பிட்டது. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷமே ஆன நாடு. புதுக் கம்பெனிச் சட்டத்துக்கு அவர் வரைவு எழுத, 1963-இல் அது சட்டமானது. ஒரே ஆள் கம்பெனி தொடங்கலாம், பங்குக்கு முகமதிப்பே, அதாவது பங்கின் மேல் எழுதிய விலையே, கிடையாது. நமக்கு ஒருநபர் கம்பெனி வர 2013 ஆயிற்று. முகமதிப்பை இன்னும் விட்டபாடில்லை. "பத்து ரூபாய் பங்கு ஏன் சார் ஆயிரத்து நானூறுக்குப் போகிறது?" என்று வருஷா வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பான். நானும் சாக்பீஸை எடுப்பேன். கானாத் தலைநகர் அக்ராவில் வாத்தியாருக்கு அந்த ஒரு வகுப்பு மிச்சம்!

அப்புறம் லாகோஸில் டீன், லண்டனில் சட்ட ஆணையம், சவுத்தாம்ப்டனில் துணைவேந்தர். ஓய்வுபெற்ற மனுஷனை 1981-இல் முதலீட்டாளர் பாதுகாப்பை ஆராயச் சொன்னார்கள். 1984-இல் அறிக்கை கொடுத்தார், 1986-இல் பிரிட்டனில் நிதிச் சேவைச் சட்டம் வந்தது. நியாயமான ஆளை யாரும் முட்டாளாக்காமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கட்டுப்பாடு போதும் என்பது அவர் கட்சி. உன் சீட்டுக் கம்பெனிக் கதையில் நீ நியாயமான ஆளா என்பதை ராஜியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

விளையாட்டு இருக்கட்டும். அந்தப் பென்சில் எண்ணை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது, சேகர். நேற்று கட்டுரைக்கு உட்கார்ந்தேன். எதைப் பற்றி என்று யோசிக்கும் முன்பே எத்தனை புள்ளி வரும் என்று கணக்குப் போட்டேன்.

"கௌவரைப் படித்தால் கௌரவம் வரும்" என்று சொல்லி என் நான்காம் பதிப்பை வாங்கிப் போனாயே, டீக்கறை படிந்த அட்டை. பரணில் தேடு. கூரியர் காசு நான் தருகிறேன்.

உன்,
மணி