பொருள்: பூனை அறைத் தொகுப்பு – தவறான பொருள், தவறான பொருத்தல், இதுவரை பதில் இல்லாமை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
அனுப்புநர்: நிர்வாகி, விலங்கு மருத்துவ கிளினிக், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் கிளினிக்குக்கு நீங்கள் விற்ற பூனை அறைத் தொகுப்பை (கூண்டுகள், டிஃப்யூசர்கள், காத்திருப்பு அறைத் தடுப்பு, கூடைத் தாங்கிகள், தராசு) பற்றி போனில், வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில், நேரில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார் எண் வருகிறது, ஆள் வருவதில்லை. இனி வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் மட்டும் பேசுவோம். பொருள் உங்களுடையது, அளவுகள் உங்கள் கொட்டேஷனிலேயே இருக்கின்றன. அதனால் மாதிரி எண்களை இங்கே திரும்ப எழுதவில்லை.

முதலில் கூண்டுக் கதவு. ஆர்டரில் இருப்பது ரப்பர் விளிம்பு வைத்த, மெதுவாக மூடும் கண்ணாடிக் கதவு. வந்திருப்பது கம்பிக் கதவும் தானாக விழுகிற இரும்புக் கொண்டியும். ஒரு கதவைச் சாத்தினால் வரிசை முழுவதும் அதிர்கிறது. அறுவை முடிந்து மயக்கம் தெளிகிற பூனை எஃகுப் பெட்டிக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டால் மூலையில் ஒண்டிக்கொள்ளும். தட்டில் வாய் வைக்காது, மணல் தட்டுப் பக்கமும் போகாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து புதிதாக ஒரு நோய் வரும். பூனைக் கூண்டு விற்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்து, கூண்டுகளை மாட்டிய விதம். வரைபடத்தில் எல்லாக் கூண்டும் ஒரே சுவரில் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் இரண்டு வரிசையாகப் பிரித்து எதிரும் புதிருமாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பூனை இன்னொன்றை வைத்த கண் வாங்காமல் பார்ப்பது மிரட்டல். நாள் முழுக்க முறைத்துக்கொண்டு கிடந்தால் எந்தப் பூனை தேறும்? இப்போது துண்டுகளைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறோம். கீழ் வரிசை தரையோடு தரையாக நாய் மூக்கு மட்டத்தில் இருக்கிறது. உள்ளே ஏறி உட்காரும் பலகை 30 சென்டிமீட்டர் அகலம் என்று கொட்டேஷனில் எழுதியிருக்கிறது, வந்திருப்பது 15. அதில் பூனை படுக்க முடியாது, மருந்துப் புட்டி வேண்டுமானால் வைக்கலாம்.

இப்போது டிஃப்யூசர், அதாவது பூனையை அமைதிப்படுத்தும் வாசனையைச் சுவர் பிளக்கில் இருந்தபடி பரப்பும் கருவி. வாங்கியது மூன்று கருவிகளும் ஆறு மாதத்துக்கான மாற்றுப் புட்டிகளும். இந்த நாட்டுச் சுவரில் இருப்பது உருண்டை முனைத் துளை. நீங்கள் அனுப்பியது பிரிட்டிஷ் சதுர முனை பிளக். கேட்டதற்கு உங்கள் எலெக்ட்ரீஷியன் அடாப்டர் போட்டுக் கொடுத்தார். அடாப்டரில் கருவி முன்பக்கம் சாய்கிறது. அது நிமிர்ந்து நின்றால்தான் திரி சீராக எண்ணெயை இழுத்துச் சூடாக்கி ஆவியாக்கும். சாய்ந்தால் கசியும், கசிந்துகொண்டும் இருக்கிறது. போதாக்குறைக்கு அவர் அவற்றைப் பொருத்தியது பெஞ்சுக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால். ஆவி மேலே எழும்பி பெஞ்சின் அடிப்பலகையில் படிந்து பிசுபிசுக்கிறது. அறைக்குள் பரவவே இல்லை. மூன்றையும் காத்திருப்பு அறையிலேயே வைத்துவிட்டு, ஒரு கருவி 50 முதல் 70 சதுர மீட்டர் வரை போதும் என்கிறார். போதும்தான், நடுவில் சுவரும் மூடிய கதவும் இல்லாவிட்டால். பரிசோதனை அறைக்கு ஒன்று, கூண்டு அறைக்கு ஒன்று என்று வரைபடத்தில் புள்ளி வைத்தே கொடுத்திருந்தோம்.

இதெல்லாம் போகட்டும். மாற்றுப் புட்டிகள் நாய்க்கானவை!

இதைச் சொன்னபோது உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பையன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஆன்ட்டி, ரெண்டும் ஒண்ணுதான். பூனைக்கு லேபிள் படிக்கத் தெரியுமா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னால் இன்னும் யாரோ சிரித்தது கேட்டது. அந்த அழைப்பு பதிவாகியிருக்கும், உங்கள் இயந்திரக் குரலே அப்படித்தான் அறிவிக்கிறது. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

பூனைக்கு லேபிள் படிக்கத் தெரியாதுதான். பூனைப் புட்டியில் இருக்க வேண்டியது, பூனை தன் கன்னத்தை நாற்காலிக் காலில் தேய்த்து "இது என் இடம்" என்று விட்டுச்செல்லும் வாசனையின் செயற்கை வடிவம். நாய்ப் புட்டியில் இருப்பது, குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய் நாயிடமிருந்து வருவதின் நகல். ஒன்றுக்குப் பதில் மற்றது உதவாது. உங்கள் கையேட்டில் நான்காம் பக்கத்தில் நீங்களே இதை எழுதியிருக்கிறீர்கள்.

அதே பையன்தான் புட்டிகளை மாற்றித்தர பைன்டவுன் கிடங்குக்கு வரச்சொன்னார். மழையில், லாரிகளுக்கு நடுவே ஹிகின்சன் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் வாசலில் காவலாளி மட்டும் நிற்கிறார். சரக்கு எண்ணுகிறார்களாம், யாரையும் உள்ளே விடக்கூடாதாம். போன் போட்டால், "நாளைக்கு வாங்க ஆன்ட்டி" என்று பதில். அந்த நேரம் கிளினிக்கில் ஆள் இல்லாமல் இரண்டு அறுவை தள்ளிப்போயின. அந்த இழப்புக்கு யார் பொறுப்பு?

கதவு விஷயத்தை முடிக்கவில்லை. மாற்றுக் கதவு என்று ஒன்று அனுப்பினீர்கள். கீல் இடப்பக்கம்; எங்கள் கூண்டுக்கு வலப்பக்கம் வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளவும் யாரும் வரவில்லை. அது எக்ஸ்ரே அறையில் சாய்ந்து கிடக்கிறது.

நீங்கள் "அன்பளிப்பு" என்று கூண்டு அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன எலி விரட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியில் கத்துகிற கருவி அது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனையின் காது 80-ஐயும் தாண்டும். எலியைத் துரத்தும் சத்தத்தைப் பூனையின் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறீர்கள்! எங்கள் நர்ஸ் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய சிறிது நேரத்தில், சீறிக்கொண்டிருந்த பூனைகள் படுத்துக்கொண்டன. எலெக்ட்ரீஷியன் "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். அவருக்குக் கேட்காதுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கடைசி நாள் நடந்தது. வேலை முடிந்ததும் உங்கள் ஆட்கள், தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கிற தார் வாசனைத் திரவத்தால் கூண்டுகளை உள்ளும் புறமும் துடைத்திருக்கிறார்கள். அது ஃபீனால் வகை. அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டினால் நக்கும், நக்கினால் விஷம். நல்லவேளை, வாசனை மூக்கில் ஏறியதும் எந்தப் பூனையையும் உள்ளே விடவில்லை. வெந்நீர் ஊற்றி, திரும்பத் திரும்பக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகும் வாசனை போக நாளாயிற்று. ஒரு பூனை செத்திருந்தால் இந்தக் கடிதம் வழக்கறிஞரிடமிருந்து வந்திருக்கும்.

காத்திருப்பு அறைத் தடுப்பு: 1.5 மீட்டர் வரை மங்கலான கண்ணாடி என்பது ஆர்டர், வந்திருப்பது பளிங்குபோல் தெளிந்த கண்ணாடி. நாய் இந்தப் பக்கம் பார்க்கிறது, பூனை அந்தப் பக்கம் உறைகிறது. பூனைக் கூடை வைக்கும் தாங்கிகளில் வழுக்காத விரிப்பும் இல்லை, பக்கத் தடுப்பும் இல்லை. தராசில் குறை இல்லை, நல்ல தராசு.

"பூனைக்குக் கொஞ்சம் பயம், அவ்வளவுதானே" என்று உங்கள் மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். அந்தப் பயம் எங்கள் சோதனை முடிவுகளையே கெடுக்கிறது. மிரண்ட பூனைக்கு ரத்தச் சர்க்கரை நீரிழிவு அளவுக்கு ஏறும். அது நோயா பயமா என்று பிரிக்க, கடந்த சில வாரச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனை தனியாகச் செய்ய வேண்டும், அதன் செலவு பூனை வளர்ப்பவர் தலையில். ரத்த அழுத்தமும் அப்படித்தான்: அமைதியான அறையில் ஐந்து பத்து நிமிடம் பழகவிட்டு, முதல் அளவை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்கில் எடுப்போம். உங்கள் கொண்டி சத்தத்தில் எதை அளப்பது? பூனைக்காரர்கள் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டு சேர்த்த பெயர் உங்களால் தரைமட்டமாகிவிட்டது என்றே சொல்வேன்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எங்களுக்குப் பகை ஒன்றும் இல்லை. சரிசெய்து கொடுத்தால் இதோடு விட்டுவிடுவோம். ஆனால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56 என்ன சொல்கிறது என்று உங்கள் சட்டப் பிரிவைக் கேளுங்கள். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பினால் பழுதுபார்ப்பதா, மாற்றித்தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தீர்மானிப்பது வாங்கியவர். "கம்பெனி பாலிசி" அதை மாற்றாது. கிளினிக் தனிநபர் பெயரில் நடக்கிறது, கம்பெனியாகப் பதிவானதல்ல. ஆகையால், சொத்தோ ஆண்டு விற்பனையோ 20 லட்சம் ரேண்டை எட்டிய நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற வரம்பைக் காட்டித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம்.

நாங்கள் கேட்பது: ஆர்டரில் உள்ள கண்ணாடிக் கதவுகள், வலப்பக்கக் கீலுடன், கூண்டுகள் ஒரே சுவரில், தரையிலிருந்து உயர்த்தி, 30 சென்டிமீட்டர் பலகை, மங்கலான தடுப்பு, தாங்கிகளுக்கு விரிப்பும் பக்கத் தடுப்பும், உருண்டை முனை பிளக்குடன் டிஃப்யூசர்கள், அறைக்கு ஒன்றாக, பூனைப் புட்டிகள். எலி விரட்டியையும் தவறான கதவையும் உங்கள் வண்டியே வந்து எடுத்துப் போக வேண்டும், நாங்கள் பைன்டவுன் வரமாட்டோம். வேலை முடிந்து துடைக்க எங்கள் திரவத்தை நாங்கள் தருகிறோம், உங்கள் ஆட்கள் எதையும் கொண்டுவர வேண்டாம். அந்தப் பையனிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பும் வேண்டும்.

தீபாவளிப் பட்டாசுக்குப் பயந்த பூனைகளை எங்களிடம் விட்டுவைப்பவர்கள் உண்டு. அதற்குள் அறை தயாராக வேண்டும் என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதியிருந்தோம். இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளில் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தாருங்கள். தராவிட்டால் வாட் உட்பட முழுத் தொகையையும் திருப்பக் கேட்டு நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடமும், அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் புகார் பதிவாகும்.

இணைப்பு: கொட்டேஷன், வரைபடம், டெலிவரி நோட், கூண்டு வரிசையின் படங்கள், கசிந்த டிஃப்யூசரின் படம், புகார் எண்கள்.

இப்படிக்கு,
நிர்வாகி