பழைய வீட்டைப் பற்றி, சென்டாயிலிருந்து

சென்டாய், ஜப்பான்
செப்டம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். நீ, அப்பா, தம்பி எல்லோரும் நலமா? அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கடலோரத்துப் பழைய வீட்டை எடுத்துக் கட்டி அங்கேயே போய்விடலாம் என்று அப்பா போனில் சொன்னார். சுனாமி குடியிருப்பிலிருந்து விடியற்காலையில் படகுக்குப் போவது அவருக்குச் சிரமம்தான். நீ ஒன்றும் பேசாமல் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாய். உன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முந்தாநாள் செப்டம்பர் 1. 1923-ல் அதே தேதியில் டோக்கியோ, யோகோஹாமா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். அந்த நாளைப் பேரிடர் தடுப்பு நாளாக வைத்து, நாடெங்கும் ஒத்திகை நடத்துகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அன்றைக்கு வாசலோரம் இருக்கும் பையைக் கொட்டிச் சரிபார்த்தார். தண்ணீர் பாட்டில், டார்ச், பேட்டரி, மருந்துச் சீட்டு, கொஞ்சம் சில்லறை, ஒரு விசில். தேதி முடியப்போகும் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தார். பழையதில் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்தால் சோறாகிவிடுகிறது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

இந்த ஊர்க் கடலோரத்தில் அராஹாமா என்று ஒரு குடியிருப்பு இருந்தது. 2011 மார்ச் 11 சுனாமியில் வீடெல்லாம் போய்விட்டது. அங்கிருந்த தொடக்கப்பள்ளியை மட்டும் இடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். நான்கு தளக் கட்டடம். இரண்டாவது தளம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் என்று 320 பேர் மேலே ஏறிப் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் சிலி நிலநடுக்கத்தின்போது இங்கும் சுனாமி எச்சரிக்கை வந்ததாம். அதைப் பார்த்துத்தான் ஒதுங்கும் இடத்தை உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து பள்ளியின் மேல்தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். போர்வைகளையும் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மறு வருஷம் அந்தக் கூடத்துக்குள் கடல் புகுந்தது.

அங்கே நெடுநேரம் நின்றேன் அம்மா. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி என்ற பேர்கூட நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாயி கூடையை எடுக்கத் திரும்பிப் போயிருக்க மாட்டார்.

அராஹாமாவில் இப்போது யாரும் குடியிருக்கக் கூடாது. ஆனால் நிலத்தைச் சும்மா விடவில்லை. பழத்தோட்டம் போட்டிருக்கிறார்கள், பகலெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல். பழைய இடத்தை விற்கவும் வேண்டாம், சும்மா போடவும் வேண்டாம். வலையும் இன்ஜினும் வைக்க ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளட்டும், மத்தியானம் காற்று வாங்கிக்கொண்டு வலை சரிபார்க்கட்டும். ராத்திரிப் படுக்கை மட்டும் அங்கே வேண்டாம். போய்வர ஒரு மொபெட் வாங்கப் பணம் அனுப்புகிறேன்.

உனக்கும் ஒன்று. வருஷத்துக்கு ஒரு நாள் பால் ஊற்ற மட்டும் கடலுக்குப் போகிறாய். தம்பியை நீச்சல் பழகவும் விடவில்லை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவள் நீ, உன் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் தம்பி அதற்கப்புறம் பிறந்தவன். நீ எந்தத் தெரு வழியாக ஓடினாய், எந்த மாடியில் ஏறினாய் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீச்சலும் பழகட்டும்.

ரேஷன் கார்டு, பட்டா, படகுப் பதிவுக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, டார்ச்சோடு ஒரு பையில் வைத்துவிடு. பை கதவோரம் இருக்கட்டும், பீரோவில் பூட்டிவிடாதே.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கொட்டகைக்கு எவ்வளவு ஆகும் என்று அப்பாவை விசாரித்து எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் மகன்