நோயாளியே நூல்

ஆசிரியருக்கு வணக்கம். மனநலம் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தபோது, அமெரிக்க இறையியலாளர் ஆன்டன் பாய்சனின் (1876–1965) பெயர் அதில் இல்லாதது குறையாகப் பட்டது. 1920-இல் மனநோயால் மாசசூசெட்ஸ் மாநில மருத்துவமனை ஒன்றில் அடைபட்டு, நோயாளியாகவே அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்து மீண்ட அவர், 1924-இல் அதே மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சமய வழியில் துணைநிற்கும் ஆன்மப் பணியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு இறையியல் மாணவர் சிலரை வரவழைத்து, பிரசங்கம் செய்ய விடாமல், வார்டு உதவியாளர்களாக வேலை பார்க்க வைத்தார். நோயாளிகளை ‘உயிருள்ள மனித ஆவணங்கள்’ என்றழைத்து, வேத நூலுக்குத் தரும் கவனத்தோடு அவர்களையும் படிக்க வேண்டுமென்றார். மனக்குலைவையும் சமய அனுபவத்தையும் அவர் இணைத்துப் பார்த்தது எனக்கு முழுக்க உடன்பாடில்லை. அவருக்கே நோய் பின்னாளில் திரும்பியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஈரோட்டில் என் தாயார் மருத்துவமனையில் கிடந்தபோது, ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று உரக்க ஜெபித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்த இளம் ஆயரோ முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “ராத்திரி தூக்கம் வந்துச்சுங்களா அம்மா?” என்று கேட்டார், மூடிய வேதாகமம் மடியிலேயே இருக்க, அம்மா ஒரு மணி நேரம் பேசினார். கொங்கு மண்டலத்தில் ஆயர் பணிக்குச் செல்வோர் அனைவருக்கும் பாய்சன் அளித்தது போன்ற வார்டுப் பயிற்சியைத் திருச்சபைகள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு.