மே மாதம் யாருக்கு விடுமுறை? குருசேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயரவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழு அங்கத்தினர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசித்தபோது, அடுத்த மே மாதம் ஐந்து குடும்பங்களை நேபாளத்துக்குச் சிறுவர் ஊழியத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். கையோடு, இந்த மே மாதம் நாங்கள் அதே ஊழியத்துக்காக இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போய்வந்த வீடியோவையும் திரையில் போட்டீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். என் மாமியார் பக்கத்தில் இருந்த அக்காவிடம் "அதோ, நம்ம பேரன்" என்று காட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காரணத்தைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். குழுவுக்கு மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரையும் நாட்டுக்கோழியையும் இரண்டு மடங்கு விலைக்கு ஏலம் எடுத்து இந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் சபையார். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் கணக்கு. எங்கள் மூன்று பேருக்கும் ஆன செலவு 92,000 ரூபாய். சபை கொடுத்தது 60,000. மிச்சம் நாங்கள் போட்டது. நாகப்பட்டினத்தில் 'சிவகங்கை' கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. அங்கிருந்து கண்டி, அப்புறம் ஹட்டன். கப்பலில் மகன் வாந்தி எடுத்தான். ஹட்டன் மலைப்பாதையில் அவன் அப்பா எடுத்தார். பத்து நாளில் ஐந்து நாள் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. மீதி பயணமும் நுவரெலியாவும். நுவரெலியா ஊழியமல்ல, சுற்றிப் பார்க்கத்தான் போனோம். அறிக்கையில் அதை 'கள ஆய்வு' என்று எழுதியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

மே மாதத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஆசிரியை ஆன எனக்கும் விடுமுறை. என் வீட்டுக்காரருக்கு ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் திரும்பியாக வேண்டும்; குறுவைக்கு நாற்றங்கால் வேலை கிடக்கும். ஆக பள்ளிக்கூடம், மேட்டூர், கப்பல் டிக்கெட் மூன்றையும் பார்த்துத் தேதி குறித்தோம். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. இலங்கையில் பள்ளி விடுமுறை ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும்தான். மே கடைசி வாரத்தில் அங்கே பள்ளி நடந்துகொண்டிருந்தது.

இது போய் இறங்கிய மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. ஒன்பது மணிக்கு ஆலயக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் வெள்ளைச் சீருடையில், புத்தகப் பையோடு. "இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" என்று கேட்டேன். தோட்டத்து ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் சிரித்துக்கொண்டே, "இருக்கு டீச்சர், நீங்க வாறீங்கன்னு பிள்ளைகள மறிச்சு வச்சிருக்கோம்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. தேதியை நாம் முடிவு செய்துவிட்டுத்தான் அவருக்குச் சொன்னோம். கடல் கடந்து வருகிறவர்களிடம் அவர் எப்படி மறுப்பார்?

அந்தக் கூடத்தில் தினமும் சாயங்காலம் ஒரு வகுப்பு நடக்கிறது. உயர்தரம் (நம் பிளஸ் டூ மாதிரி) படித்து முடித்த அதே தோட்டத்துப் பெண் ஒருத்தி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறாள். ஆகஸ்டில் நடக்கும் இந்தப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கினால் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், மாதாமாதம் உதவித்தொகையும் வரும். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் வீட்டில் பத்து வயதில் திறக்கும் கதவு அது. நாம் அங்கே இருந்த வாரம் அந்த வகுப்பு ரத்து. கூடத்தில் நம் பேனரும் ஜோடனையும் இருந்தன. மேசைகளை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். மழை பெய்து இரண்டு மேசை ஊறிப்போனது. வேனுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த வாடகையும் அந்தப் பெண் வகுப்புக்கு வாங்கும் ஒரு மாதச் சம்பளமும் ஏறக்குறைய ஒரே தொகைதான்.

பின்வரிசையில் ஒரு சிறுமி. காகிதத்தில் நோவாவின் பேழை வெட்டச் சொன்னால் மடமடவென்று வெட்டி ஒட்டிவிட்டு, அதற்கு அடியில் பழைய வினாத்தாளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் போனால் பேழையை இழுத்து மூடிவிடுவாள். என் வகுப்பில் பாடப் புத்தகத்துக்குள் படக்கதை ஒளித்து வைக்கும் பிள்ளைகளைப் பிடித்திருக்கிறேன். படக்கதைக்குள் பாடத்தை ஒளித்து வைத்த பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து கேட்டாள்: "டீச்சர், நாங்க ஸ்கூலுக்குப் போகாததுக்கு நீங்க லெட்டர் குடுப்பீங்களா?"

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் 'எமிஸ்' செயலியில் வருகைப் பதிவு போடும்போது இரண்டு பிள்ளை குறைந்தால் வீட்டுக்கு போன் அடிப்பேன். நடவுக்கு, களையெடுப்புக்கு என்று பிள்ளையை நிறுத்தும் பெற்றோரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அந்நிய நாட்டில் ஐந்து நாள் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் போக விடாமல் ஆக்‌ஷன் பாட்டு பாட வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தரங்கம்பாடிக்காரி. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பத்து வயது. அப்பா ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். வீடு போனது, ஆள்கள் தப்பித்தோம். தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் பல மாதம் இருந்தோம். வெயிலில் அந்தக் கூரை விடும் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. குழு குழுவாக ஆள்கள் வந்தார்கள். வெள்ளைக்காரர்கள், மும்பைக்காரர்கள், சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள். நிறைய நல்லது செய்தார்கள், அதை மறைத்தால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒவ்வொரு குழுவும் புதிதாக ஆரம்பிக்கும். பெயர் என்ன, பாட்டுத் தெரியுமா, படம் வரையலாமா, கடலை வரை. மூன்றாவது குழு வந்தபோது கடலைக் கறுப்பாக வரைந்தால் டாஃபி அதிகம் கிடைக்கும் என்று நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். பக்கத்துக் கொட்டகைப் பையன் அழகாக அழுவான். அவனைப் படம்பிடிக்க முன்னால் நிறுத்துவார்கள். அவன் வீட்டில் யாருமே சாகவில்லை. சாலையோரத்தில் பழைய துணி மலையாகக் கிடந்தது, நாகப்பட்டினத்து வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு உட்பட. விடுமுறை முடிந்ததும் வந்தவர்கள் போய்விடுவார்கள். எங்களுக்குப் பரீட்சை வந்ததா, போனதா என்று கேட்ட ஒரு குழுவும் நினைவில் இல்லை.

அந்தப் பத்து வயசுக்காரிதான் முப்பது வயதில் ஹட்டனுக்குப் போய் அதே வேலையைச் செய்தாள். அதனால்தான் திரையைப் பார்க்க முடியவில்லை.

வீடியோ பற்றி. சளி ஒழுகும் குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கி, சோகப் பாட்டுப் போட்டு, 'இருளில் வாழும் பிள்ளைகள்' என்று எழுத்து ஓட விட்டிருந்தீர்கள். அந்தக் குழந்தைக்கு ஜலதோஷம், அவ்வளவுதான். அங்கே ஆலயம் இருக்கிறது, உபதேசியார் இருக்கிறார், ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்கள் (வரிசை அறைகள்) இருட்டுத்தான், ஆனால் அதற்கு வேறு காரணங்கள். 19ஆம் நூற்றாண்டில் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் நம் ஆள்களைக் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். காப்பி அழிந்து தேயிலை வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் தலைகளை எண்ணிப் பங்கு பிரித்துக்கொண்டன. மாயவரத்திலிருந்து வருகிறோம் என்றதும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தாத்தாவுக்கு முசிறிப் பக்கம் என்றார். "அங்க ஆறு வீட்டு வாசல்லயே ஓடுமாமே?" என்று கேட்டார். நாம் அந்நியருக்கு வெளிச்சம் கொண்டுபோகவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறோம்.

கடைசி நாள், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கச் சொன்னோம். 34 கை. அறிக்கையில் '34 ஆத்துமாக்கள்'. ஐயரவர்களே, அதே பிள்ளைகளிடம் அரை மணிக்கு முன்னால் யாருக்கு பிஸ்கட் என்று கேட்டபோதும் அத்தனை கையும்தான் எழுந்தது. அதில் பல பேர் வீட்டுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அப்பா அம்மா கொழுந்துக்குப் போயிருந்த நேரத்தில், அவர்களைக் கேட்காமல் இதைச் செய்தோம். என் மகனை வேறு யாராவது இப்படிக் கை தூக்கச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? விசா விண்ணப்பத்தில் நாம் எழுதியது 'சுற்றுலா' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது நேபாளம். அங்கே ஒரு 'அநாதை இல்லத்தில்' ஊழியம் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களில் படிக்க வைப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளை வாங்கி வந்து, தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அநாதை என்று காகிதம் தயாரித்து, காத்மாண்டு இல்லங்களில் வைத்து வெளிநாட்டாரிடம் பணம் வாங்கும் தொழில் அங்கே பலமுறை வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. 2015 பூகம்பத்துக்குப் பிறகு யுனிசெஃபே இதைப் பற்றி எச்சரித்தது. கம்போடியாவில் கணக்கெடுத்தபோது இல்லங்களில் இருந்த நாலில் மூன்று பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் பெருகப் பெருக, காட்டுவதற்குப் பிள்ளைகளும் வேண்டியிருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே என்று குழுவில் யாராவது கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். தவிர, 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி நேபாளத்தில் மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை. வெளிநாட்டவரென்றால் நாட்டைவிட்டும் அனுப்புவார்கள். நாம் ஊர் வந்து சாட்சி சொல்லலாம். அங்கே வழக்கில் மாட்டப்போகிறவர் உள்ளூர் போதகர்.

வருடா வருடம் ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கிய நாளைக் கொண்டாடுகிறோம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார். 1719இல் இறந்தபோது அதே ஊரில்தான் அடக்கம். 1750இல் வந்த இன்னொரு மிஷனெரி சுவார்ட்ஸ் 48 வருடம் இருந்து தஞ்சாவூரிலேயே கண்ணை மூடினார். நாம் யாரும் அவர்களல்ல. எங்களுக்குக் குறுவை இருக்கிறது. பத்து நாள்தான் முடியும் என்றால் பத்து நாளே போவோம். ஆனால் போகிற இடத்துக் காலண்டரைப் பார்த்துப் போவோம்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகன் அங்கே லயத்து வாசலில் கிரிக்கெட் ஆடக் கற்றுக்கொண்டான். பந்தைச் சரிவில் அடித்தால் அவுட், ஏனென்றால் யாரும் தேயிலைக்குள் இறங்கித் தேடத் தயாரில்லை. அந்தப் பையன்களின் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். திரும்பவும் அதே இடத்துக்கு, அதே ஆள்கள் போக வேண்டும். உபதேசியாரிடம் போனில் கேட்டேன், அடுத்த தடவை என்ன கொண்டுவர என்று. கொஞ்சம் தயங்கிவிட்டு, டிசம்பர் லீவில் வந்தால் காலையில் இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றார். பாட்டு, கதையெல்லாம் அவர்களிடமே இருக்கிறதாம். நேபாளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அந்தச் சாயங்கால வகுப்புக்கு மாதாமாதம் அனுப்பும் வழியைக் குழு விசாரிக்க வேண்டும். ஊறிப்போன இரண்டு மேசையும் நம் கணக்கில்தான். வீடியோவை எல்லா வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, குழுவின் கவனத்துக்கு ஒரு தகவல். அந்தச் சிறுமி கேட்ட கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். பள்ளி அதிபர் பெயருக்கு, நம் சபையின் முகவரியோடு, என் கையெழுத்துப் போட்டு: 'எங்கள் வருகையின் காரணமாக இம்மாணவர்கள் ஐந்து நாள்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. தவறு எங்களுடையது.' குழுவின் அனுமதி வாங்கவில்லை. அதிபர் பதில் போட்டால் சபை முகவரிக்குத்தான் வரும். தயவுசெய்து எனக்குக் கொடுத்தனுப்புங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் ஒரு குடும்பத்துத் தாய்,
மயிலாடுதுறை