சித்ராவுக்கு: கடுப்புக்குக் காரணம் கிருமி இல்லை

அன்புள்ள சித்ரா,

நீ அனுப்பிய 4 ரிப்போர்ட்டையும் பார்த்தேன். மூன்றில் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், எதுவும் வளரவில்லை. நான்காவதில் "கலப்புக் கிருமிகள்" என்று போட்டிருக்கிறது. சாம்பிள் பிடிக்கும்போது தோலில் இருந்தது விழுந்தால் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனாலும் 4 தடவையும் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்கள், நீயும் விழுங்கியிருக்கிறாய். காய்ச்சலோ விலாப் பக்க வலியோ இல்லாதவரை ஐந்தாவது கோர்ஸை ஆரம்பிக்காதே. நீர்க்கடுப்பு, சாவியைக் கதவில் நுழைக்கும்போதே முட்டிக்கொண்டு வருவது, தும்மினால் ஒரு சொட்டு, ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பது. எல்லாமே மாதவிலக்கு நின்ற இந்த ஒன்றரை வருஷத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன பார். துப்பு அங்கேதான் இருக்கிறது.

மாதவிலக்கு நின்றதும் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நாம் கர்ப்பப்பைக்கும் மார்புக்கும் மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். உண்மையில் சிறுநீர்க்குழாய்க்கும், சிறுநீர்ப்பையின் அடிப்பாகத்துக்கும், யோனிக்கும், இடுப்புத்தளத் தசைகளுக்கும் அது வேண்டும். இந்த இடங்களில் எல்லாம் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பெண்களின் சிறுநீர்க்குழாய் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அது மூடியிருப்பதற்குச் சுருக்குத் தசை மட்டும் காரணம் இல்லை. உட்புறச் சவ்வு மெத்தென்று மடிப்பு மடிப்பாக, அடியில் ரத்தக்குழாய்கள் நிறைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அடைக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாதிரி. வாஷர் தேய்ந்துபோனால் திருகை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டத்தான் செய்யும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தச் சவ்வு மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது. மெலிந்த சவ்வு எரிச்சலைச் சீக்கிரம் உணர்கிறது. 400 மில்லி வரை பேசாமல் தாங்கிய பை 150 மில்லியிலேயே கூப்பாடு போடுவதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொரு வேலையும் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் காலத்தில் யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேர்ந்திருக்கும். லாக்டோபேசில்லஸ் கிருமிகள் அதை வைத்து வாழ்ந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கும். தயிரைப் புளிக்க வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவைதான் அவை. அதனால் அங்கே பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.5 முதல் 4.5 வரை, புளிப்பாகவே இருக்கும். மாவுப்பொருள் குறைந்தால் இந்தக் காவல்காரர்களும் குறைவார்கள், பி.எச். 5-க்கு மேலே ஏறும், குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி வந்து குடியேறும். அதனால் இந்த வயதில் நிஜமான தொற்றும் அடிக்கடி வரலாம். ஆன்டிபயாடிக்கைத் திரும்பத் திரும்ப எடுத்தால் மிச்சமிருக்கிற நல்ல கிருமிகளும் போய்விடும். இதற்காகத்தான் திட்டுகிறேன்.

தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறி ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும். அப்போதும் இதே வறட்சியும் எரிச்சலும் வரும். அது தானாகச் சரியாகிவிடும். உனக்கு வந்திருப்பது தானாகப் போகாது. இந்த அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருத்துவர்கள் 2014-ல் ஒரே பெயர் வைத்தார்கள். பெயரை விடு, வைத்தியம் இருக்கிறது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் 3 நாள் டைரி எழுது. சமையலறையில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் இருக்குமே, ஒரு லிட்டரில் புதிதாக ஒன்று வாங்கி பாத்ரூமில் வைத்துக்கொள். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அவசரம் இருந்ததா, கசிந்ததா என்று எழுது. குடித்ததையும் எழுது. காலை காபி, ஆபீஸில் இரண்டு டீ, ரசம், மோர் எல்லாம் கணக்கு. ஒவ்வொரு தடவையும் 100, 120 என்றே வந்தால் பை சீக்கிரம் பதறுகிறது என்று அர்த்தம். 350, 400 என்று வந்து, தடவையும் அதிகம் என்றால் சிறுநீர் உற்பத்தியே அதிகம். அது வேறு விஷயம், முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கி, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

இனி மருந்து. யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரியால் கிரீம். ஈஸ்ட்ரோஜனில் அது ஒரு வகை. 1 கிராமில் 1 மில்லிகிராம் இருக்கும் வகையாக இருந்தால் வழக்கமான அளவு அரை கிராம், அதாவது 0.5 மில்லிகிராம். முதல் 2 வாரம் தினமும் படுக்கும்போது, பிறகு வாரத்துக்கு 2 நாள். செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் தலைக்குக் குளிக்கிற நாளோடு சேர்ந்து மறக்காது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அப்ளிகேட்டரில் கோடு வரைக்கும் நிரப்பி மெதுவாகச் செலுத்து. விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து, சிறுநீர் வரும் துவாரத்தைச் சுற்றியும் தடவு. அப்ளிகேட்டரை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு, கொதிக்கிற தண்ணீரில் போடாதே. ஈஸ்ட்ரோஜன் கிரீம்களில் வேறு வேறு வகை உண்டு, ஒன்றின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதே.

முதல் வாரம் கொஞ்சம் எரியலாம். சவ்வு மெலிந்திருப்பதால்தான், ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்திவிடாதே. முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பெரும்பாலோர் செய்யும் தப்பு, கடுப்பு நின்றதும் கிரீமையும் நிறுத்துவது. சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிலக்கு நின்று அடிக்கடி சிறுநீர்த்தொற்று வந்துகொண்டிருந்த 93 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நான் சொன்ன இதே அளவில் ஈஸ்ட்ரியால் கிரீமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத கிரீமும் 8 மாதம் கொடுத்தார்கள். மருந்தில்லாதவர்களுக்கு ஆண்டுக்கு சராசரியாக 5.9 தடவை தொற்று வந்தது, ஈஸ்ட்ரியால் வைத்தவர்களுக்கு 0.5. யோனியின் பி.எச். 5.5-லிருந்து 3.8-க்கு இறங்கியது.

உடனே "மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாமே" என்று கேட்பாய். கூடாது. அமெரிக்காவில் 27,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் சிறுநீர்க் கசிவு பற்றிய முடிவு 2005-ல் வந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டவர்களில் அதிகம் பேருக்குப் புதிதாகக் கசிய ஆரம்பித்தது, ஏற்கெனவே கசிவு இருந்தவர்களிலும் அதிகம் பேருக்கு அது கூடியது. ஒரே ஹார்மோன்தான், போகிற வழி வேறு. கிரீம் பெட்டிக்குள் இருக்கும் தாளில் புற்றுநோய், ரத்தக்கட்டு என்று நீளமாகப் போட்டிருந்தால் பயந்துவிடாதே. அந்த எச்சரிக்கை பெரும்பாலும் மாத்திரை ஆய்வுகளிலிருந்து வந்தது. குறைந்த அளவு கிரீமில் ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம். மார்பகப் புற்று வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி ரத்தப்போக்கு இருந்தாலும், காரணம் தெரியும்வரை கிரீம் வேண்டாம்.

அவசரத்துக்கு மருந்தோடு பழக்கமும் மாற வேண்டும். கதவருகே முட்டும்போது ஓடாதே. ஓடினால் வயிற்றில் அழுத்தம் ஏறிக் கசியும். நின்ற இடத்திலேயே நில், அல்லது உட்கார். காற்றுப் போகாமல் அடக்குவது போலக் கீழ்த்தசையை வேகமாக 5 தடவை சுருக்கி விடு. அந்தச் சுருக்கம் பைத் தசைக்கு "அடங்கு" என்று செய்தி அனுப்பும். அலை தணிந்ததும் நிதானமாக நட. "எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்" என்று வெளியே கிளம்பும்போதெல்லாம் போகிறாயே, அதையும் விடு. பை சின்ன அளவுக்கே பழகிவிடும். இப்போது ஒன்றரை மணிக்கு ஒரு தடவை என்றால் வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டி 3 மணி நேரத்துக்குக் கொண்டு வா.

தும்மல் சொட்டுக்கு அதே தசைப் பயிற்சிதான்: ஒரு வேளைக்கு 8 சுருக்கம், தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். மூச்சைப் பிடிக்காதே, பிட்டத்தையும் தொடையையும் இறுக்காதே. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைத் தினசரிப் பயிற்சியாகச் செய்யாதே, பை முழுதாகக் காலியாகாது. வாசனை வாஷ் எல்லாவற்றையும் தூக்கி எறி, வெறும் தண்ணீர் போதும். வாழைத்தண்டும் பார்லித் தண்ணீரும் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் மெலிந்த சவ்வை அவை தடிக்க வைக்காது.

உன் மாமியார் ராத்திரி 4 தடவை எழுந்திருக்கிறார் என்றாயே, அது வேறு கதை. அவருக்கும் டைரி போடு. படுத்த பிறகு போவதையும் காலை முதல் தடவையையும் கூட்டி, 24 மணி நேர மொத்தத்தால் வகுத்துப் பார். மொத்தம் 1,500, ராத்திரிப் பங்கு 600 என்றால் 40 சதவீதம். 65 வயதுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பையைவிட ராத்திரி உற்பத்தியில்தான் கோளாறு. மூளையின் பிட்யூட்டரி சுரப்பி விடும் வாசோபிரஸின் என்ற ஹார்மோன் ராத்திரியில் ஏறி, சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்படி செய்யும். வயதானால் அந்த ஏற்றம் மங்குகிறது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் இதயம் நீட்டப்பட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றும் வேறொரு ஹார்மோனை விடும். கால் வீக்கம் இருந்தால் பகலில் காலில் தேங்கியது படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும். சாயங்காலம் 4 மணிவாக்கில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்கச் சொல், ராத்திரி அப்பளம், ஊறுகாயைக் குறை. வாசோபிரஸின் போன்ற டெஸ்மோபிரஸின் மாத்திரையை யாராவது எழுதினால், ஆரம்பிப்பதற்கு முன்பும், முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குச் சோடியம் விழுந்து குழப்பம், வலிப்பு வரை போகும்.

மாப்பிள்ளையையும் உன் மாமனாரையும் பற்றி ஒரு வரி: ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை வளர்ப்பது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோன். அதைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு வேலை செய்ய 6 மாதம் ஆகும், புராஸ்டேட் புற்றுக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் காட்டும். பரிசோதனைக்குப் போனால் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லச் சொல்.

அடுத்த முறை கடுப்பு வந்தால் மாத்திரைக்கு முன் கல்ச்சர் கொடு. கழுவிவிட்டு, முதல் பாகத்தை விட்டுவிட்டு, நடுப்பாகத்தைப் பிடித்து, 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடு. சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், அதை ஹார்மோன் மேல் பழி போடாதே, அன்றைக்கே யூராலஜிஸ்ட்டைப் பார். டைரி 3 நாள் முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. மில்லி தெளிவாகத் தெரியட்டும், உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அம்மா