ஆழ்கடலில் நசுங்குவது எது?

அன்புள்ள முருகேசு,

மகள் கடலியல் படிக்கச் சேர்ந்தது நல்ல சேதி. ஆளை ஏற்றிக்கொண்டு 6000 மீட்டர் ஆழம் இறங்க இந்தியா உருவாக்கும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கிக்கு 80 மில்லிமீட்டர் கனத்தில் கோள வடிவ டைட்டானியக் கூடு தேவைப்படுகிறதே, மீன் மட்டும் எப்படி நசுங்காமல் நீந்துகிறது என்று கேட்டாளாமே. இதில் பாதி ஆழ்கடல் பொறியியல் அடங்கியிருக்கிறது!

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6000 மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். ஆனால் நசுக்குவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடுதான். ஆழத்து நத்தைமீனுக்குக் காற்றுப்பை இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம். மூச்சுவிடக் காற்று வேண்டிய மூன்று பேருக்காகத்தான் அந்த 2.1 மீட்டர் கோளம்.

அதனால் ஆளைத் தவிர மற்றதையெல்லாம் முடிந்தவரை கோளத்துக்கு வெளியே வைப்பார்கள். மோட்டாரையும் மின்கலத்தையும் எண்ணெய் நிரப்பிய பெட்டியில் போட்டு, சுருங்கி விரியும் ஒரு ரப்பர் பையை இணைத்துவிட்டால், கடலின் அழுத்தம் பை வழியே எண்ணெய்க்கும் வந்து உள்ளும் வெளியும் சமமாகும்; மெல்லிய தகடே போதும். கெடுவது எண்ணெய் நிரப்பும்போதுதான். உள்ளே காற்றுக்குமிழி தங்கினால், இறங்க இறங்க அது சுருங்கும். பை முழுதும் வற்றும். பிறகு பெட்டி நெளியும், இல்லையேல் சீல் வழியாக உப்புநீர் புகும். ஆகவே வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சிவிட்டே நிரப்ப வேண்டும். மின்சுற்றுப் பலகையில், உள்ளே காலியிடம் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் (மின்னைத் தேக்குவது), படிக அலையியற்றி (சீரான மின்துடிப்பு தருவது) இரண்டும் எண்ணெய்க்குள்ளும் நசுங்கும். பலர் மறப்பது இதை.

ஜன்னல் கூம்பு வடிவ அக்ரிலிக். அகன்ற பக்கம் வெளியே. அழுத்தம் கூடக்கூடத் தன் சட்டத்தில் இறுகும். 2023-இல் ஆழ்கடலில் உள்நோக்கி நசுங்கி அழிந்த டைட்டன் நீர்மூழ்கிக் கலத்தின் உடல் கார்பன் இழை உருளை. இழுவிசைக்கு அது அருமையான பொருள். அமுக்கத்தில் அடுக்கு அடுக்காகப் பிரியும். என்னைக் கேட்டால் ஆள் ஏறும் கலத்துக்கு அது கூடவே கூடாது.

மீனுக்கும் எல்லை உண்டு. அழுத்தம் புரதங்களைச் சிதைக்காமல் காப்பது அதன் உடலில் உள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள். செத்த மீனின் வாடைக்கும் மூலம் அதுதான். ஆழம் கூட உடலில் அதன் அளவும் கூடும்; ஏறக்குறைய 8200 மீட்டரில் உடல்நீரில் கரைந்தவற்றின் செறிவு கடல்நீரின் செறிவை எட்டிவிடும். அதற்கும் மேல் சேர்த்தால் தண்ணீர் உள்ளே பாயும். 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவரா அகழியில் 8336 மீட்டரில் ஒரு நத்தைமீன் படமாகியிருக்கிறது. மீன்களில் அதுவே இதுவரை பதிவான பேராழம்.

எண்ணெய்ப் பெட்டியின் படம் ஒன்று வரைந்து அடுத்த கடிதத்தில் வைக்கிறேன். அவளிடம் கொடு.

அன்புடன்,
சேகர்